கடைசி வீட்டிலிருந்து புறப்பட்ட வேன்

பள்ளிக்கூட வேன் ஓட்டுறது என் வேலை. பிள்ளைங்களை ஏத்தி இறக்குறது வேனக்கா வேலை. என்னைவிடச் சின்னவங்கதான், ஆனா பிள்ளைங்க கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் வேனக்கா ஆயிட்டாங்க. பதினோரு வருஷத்துல நாங்க சண்டை போடாத நாள்னா அது லீவு நாள்தான். அந்தம்மாவுக்குக் குரங்குப்பிடி. ஒண்ணு சரின்னு பட்டுட்டா, யார் சொன்னாலும் காதுல ஏறாது.

நாங்க கடைசியா ஏத்துற பிள்ளை, நாலாவது படிக்கிற ஒரு பொண்ணு. ஒருநாள் வகுப்புல பாடம் வாசிக்க எழுந்திருக்கா, குரலே வரலை. மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்துச் சிரிச்சிருக்கு. அன்னைக்கு நின்னவதான், பள்ளிக்கூடம் பக்கமே வரலை.

சமுதாயக் கூடத்துல சனிக்கிழமை தோறும் ஒரு பயிற்சி நடக்குது. பிள்ளைங்களோட பழகுற சமையல்காரங்க, கடைக்காரங்க, எங்களை மாதிரி வேன்காரங்க எல்லாரும் குழந்தைங்க மனசைப் பத்தித் தெரிஞ்சுக்கணுமாம். "ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு?"ன்னு நான் நழுவிட்டேன். வேனக்கா ஒரு வாரம்கூட விடலை. வராத பிள்ளைகிட்ட ஏன் ஏன்னு குடையாதே, தினமும் போய் நில்லுன்னு அங்க சொன்னாங்களாம். அவ்வளவுதான், தினமும் அந்த வாசல்ல ரெண்டு நிமிஷம் வண்டி நிக்கணும். ஏற ஆளே இல்லை! மூக்கால அழுதுக்கிட்டேதான் நிறுத்துவேன்.

மூணாவது வாரம் பொண்ணு பையை மாட்டிக்கிட்டு கேட் வரைக்கும் வந்தா. வண்டிக்குள்ள இருந்த இருபது தலையும் அவ பக்கம் திரும்புச்சு. வந்த வேகத்துல உள்ளே ஓடிட்டா. "எல்லாரும் பாக்குறாங்கம்மா"ன்னு ஒரே அழுகையாம்.

அன்னைக்குச் சாயங்காலமே பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்க: வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள்ள வரலைன்னா பேரை அடிச்சிடுவோம். நடுவுல இருந்தது ஒரே ஒரு நாள்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை ரூட்டைத் திருப்புங்க. முதல்ல அவளை ஏத்துவோம்"ன்னாங்க வேனக்கா.

"ஏம்மா, உனக்குக் கிறுக்கா? நான் கோழிக்கு முன்னாடி எழுந்திரிக்கணும்!"

"ஏறுறவளைத்தான் எல்லாரும் பாப்பாங்க. ஏற்கெனவே உக்காந்திருக்கிறவளை யாருண்ணே பாக்கப் போறாங்க?" வண்டிக் கதவை இழுத்துச் சாத்தினாங்க. அப்புறம் சொன்னாங்க, "நானும் ஏழாவதுல இப்படித்தான் நின்னேன். யாரும் வாசல்ல வந்து நிக்கலை."

சரி, கோழிக்கு முன்னாடியே எழுந்திரிக்கிறேன்னுட்டேன். மறுநாள் பூரா வேனக்கா வீடு வீடா ஏறி இறங்கி, நேரம் மாறுதுன்னு பெத்தவங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாங்க.

வெள்ளிக்கிழமை காலியா வந்த வண்டியில பொண்ணு ஏறிட்டா. பின்சீட்டு மூலையில வேனக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா. அப்புறம் ஏறின பிள்ளைங்க அவங்கவங்க சண்டையிலயே குறியா இருந்துச்சுங்க. ஆனா பள்ளிக்கூடம் வந்து எல்லாரும் இறங்கின பிறகும் இவ அசையலை. மணி அடிச்சாச்சு. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை.

"அண்ணே, வண்டி கேட்டுக்கு உள்ளதானே நிக்குது? அப்போ இவ பள்ளிக்கூடத்துலதான் இருக்கா. டீச்சரைப் பதிவேட்டோட கூட்டிட்டு வாங்க."

"நானா?"

"நான் கையை விட முடியாதுண்ணே."

ஓடினேன். "வண்டிக்கு வந்து அட்டெண்டன்ஸ் எடுக்கிறதா? அப்படியெல்லாம் வழக்கமில்லைங்க"ன்னாங்க டீச்சர். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "டீச்சர், ஆளில்லாத வாசல்ல மூணு வாரம் வண்டி நிறுத்தினவன் நான். நீங்க நாப்பது அடி நடக்க மாட்டீங்களா?"

என்னை ஒரு முறை முறைச்சாங்க. பதிவேட்டை எடுத்துக்கிட்டு நடந்தாங்க.

வேன் படியில நின்னு பேரைக் கூப்பிட்டாங்க. பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாங்க. பொண்ணு உதடு அசையுது, சத்தம் வரலை. நானே பதில் சொல்லிடலாமான்னு வாயைத் திறந்தேன். வேனக்கா பார்த்த பார்வையில மூடிக்கிட்டேன். டீச்சர் அவசரப்படலை. படியிலேயே உக்காந்து, மூணாவது தடவை மெதுவா கூப்பிட்டாங்க.

"உள்ளேன் டீச்சர்."

பக்கத்துல நின்ன எனக்கே சரியா விழலை. டீச்சர் பேனா மூடியைக் கழட்டினாங்க.

"நல்லாக் கேட்டுச்சும்மா"ன்னு சொல்லி, அவ பேருக்கு நேரா டிக் போட்டாங்க.