மகளின் மோதிர விரல்

எங்கள் மகளுக்கு ஒரு வயது ஆகும் முன்பே, மோதிர விரலில் சிவந்த கட்டி ஒன்று வந்தது. யாழ்ப்பாணத்தில் தோல் வைத்திய நிபுணர் சிறு துண்டு எடுத்துச் சோதித்துவிட்டு, "பயப்பிடாதேங்கோ அம்மா, இது அரிதா வாறது, புற்றுநோய் இல்லை. வெட்டினால் திரும்ப வரும். விட்டால் சில வருசத்திலை தானாச் சுருங்கும். விரல் மடக்கக் கஷ்டப்பட்டால் கொண்டு வாங்கோ" என்றார்.

நிம்மதியாக வட்டுக்கோட்டைக்குத் திரும்பினோம். ஆனால் கனடாவில் இருக்கும் என் கணவரின் அக்கா விடவில்லை. வீடியோவில் அழைக்கும்போதெல்லாம், "பிள்ளையின்ரை விரலைக் காட்டு பாப்பம்" என்பார். முகத்தைக் கேட்டதே இல்லை.

"பொம்பிளைப் பிள்ளை. உந்தக் கட்டியை வெட்டி எறியாமல் என்ன செய்யிறியள்?"

"டொக்டர் வேண்டாம் எண்டவர், மச்சாள்."

"உங்கை இருக்கிற டொக்டர்மாருக்கு என்ன தெரியும்?"

நச்சரிப்புத் தாங்காமல் தனியார் வைத்தியசாலை ஒன்றில் வெட்டுவித்தேன். தையல் ஆறிச் சில வாரங்களில், அதே இடத்தில் முன்பைவிடப் பெரிதாக வந்து நின்றது. பிள்ளை பட்ட வேதனைதான் மிச்சம். மச்சாளோ, "வடிவா வெட்டயில்லைப் போலை. இன்னொருக்கால் வெட்டுவியுங்கோ" என்கிறார்!

இப்போது அந்த விரலை நிபுணரைத் தவிர வேறு எவருக்கும் காட்டுவதில்லை. வீடியோவில் அழைப்பு வந்தால் பிள்ளையின் முகத்தை மட்டும்தான் காட்டுகிறேன். ஆனாலும் என் ஆத்திரம் அடங்கவில்லை. கைபேசி அடித்தால் மற்ற வீடுகளில் பிள்ளைகள் கதைக்க ஓடி வருவார்கள். என் மகளோ அந்த விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.