சின்னப் பெட்டியில் பேஸ்

நான் புதிதாக வாங்கிய இரண்டு ஸ்பீக்கரின் முதுகிலும் இருந்த ஓட்டையை என் அக்கா வீட்டுக்காரர் களிமண் வைத்து அடைத்துவிட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் திருத்தங்கலில் அச்சக வேலை முடிந்து வீடு திரும்புவதற்குள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பசை தடவிய காகிதத்தைச் சுருட்டி உள்ளே திணித்து, மேலே களிமண்ணை அப்பி, ஓரத்தை வழித்து, கச்சிதமாக முடித்து வைத்திருந்தார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அத்தான் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். சத்தத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு விதி. மருந்தை இறுக்கி அடைத்தால் வெடிக்கும், எங்காவது வாய் திறந்திருந்தால் புஸ்ஸென்று போய்விடும்.

"பின்னாடி ஓட்டை வழியா பூராச் சத்தமும் ஒழுகிப் போவுது புள்ள. அதான் அடைச்சேன். இனிமே பாரு, சுவரே அதிரும்."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா அத்தான்?"

"இதுல கேக்க என்ன இருக்கு? இருவது வருசமா சத்தம் செய்யுறவன் நான்."

அந்தச் சத்தம்தான் என் அப்பாவின் காதைத் தின்றது. அதே மாதிரி இன்னொரு கம்பெனியில் அப்பாவுக்குச் சோதனை வேலை. ஒவ்வொரு லோடிலும் சிலதை எடுத்துப் பின்பக்கப் பொட்டலுக்குக் கொண்டுபோய்க் கொளுத்தி, சரியாக வெடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீசன் நேரத்தில் நாள் முழுக்க அதுதான். காதுக்குப் பாதுகாப்பு என்று அவர்கள் கொடுத்தது பஞ்சு. முதலில் அவருக்குக் கண்டக்டர் விசில் கேட்காமல் போனது, பிறகு குக்கர் விசில், கடைசியில் எங்கள் பேச்சு. போய்ச் சொன்னால், "வயசானா எல்லாருக்கும் அப்படித்தாங்க" என்றார் மேனேஜர். அப்பாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அவர் வேலையை விட்ட வருடம் தீபாவளிக்கு மறக்காமல் வீட்டுக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ் அனுப்பினார்கள். உள்ளே என்ன இருக்கும்? பட்டாசுதான். அன்றைக்கு என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது.

அம்மா போன பிறகு வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். வருகிறவர் போகிறவர் எல்லாம் அவர் காதருகே குனிந்து கத்துவார்கள். "கத்தாதீக, சத்தம் கேக்குது, பேச்சுதான் வெளங்கல" என்று அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! யார் கேட்டார்கள்? இன்னும் கூடுதலாகக் கத்தினார்கள். பாட்டு என்றால் உயிரை விடுகிற மனுசன், நான் ரேடியோவைத் திருகினால் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவார். காதில் தகரத்தைத் தேய்க்கிற மாதிரி இருக்கிறதாம்.

ஒருநாள் திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் ஒரு மினி பஸ் பாட்டை அலறவிட்டுக்கொண்டு நின்றது. அப்பா அதன் பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு அடிகூடத் தப்பவில்லை.

"கேக்குதாப்பா?"

"அடியில ஓடுதுல்ல, அது மட்டும் கேக்குதும்மா" என்றார்.

பாட்டில் அவருக்கு மிச்சம் இருந்தது அந்த அடிச்சத்தம் ஒன்றுதான். அதையாவது வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, புரிந்தும் புரியாமலும் படித்தேன். நாங்கள் இருந்தது சுவரோடு சுவர் ஒட்டிய காம்பவுண்ட் வீடு. பெரிய பெட்டிக்கு இடமும் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர் விடவும் மாட்டார். புத்தக அலமாரியில் வைக்கிற சின்ன ஸ்பீக்கர் ஒரு ஜோடி போதும், வைக்கிற விதத்தில் வைத்தால் அதிலும் பேஸ், அதாவது அந்த அடிச்சத்தம், வரும் என்று போட்டிருந்தது.

விருதுநகர் கடைக்கு அத்தான் பைக்கில் கூட்டிப்போனார். கேட்டது நான், கடைக்காரர் பதில் சொன்னதெல்லாம் அத்தானுக்கு. "சின்னப் பெட்டியில எங்க சார் பேஸ் வரும்? சப்வூஃபர்னு பேஸுக்குன்னே பெரிய பெட்டி இருக்கு, அத எடுங்க, தரை ஆடும்." அத்தானும் அவரோடு சேர்ந்து சிரித்தார். நான் அந்தச் சின்னப் பெட்டிகளையே தரச்சொல்லி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே ஆம்ப்ளிஃபையரோடு இணைத்து, கூடத்தின் நடுவில் இரண்டு ஸ்டூல் போட்டு வைத்தேன். பாட்டு என்னவோ வந்தது. அடிச்சத்தம் மட்டும் மருந்துக்கும் இல்லை. அப்பா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "நல்லாருக்கும்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். எனக்காகச் சொன்ன பொய் அது. அதைத் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை. மறுநாள்தான் அத்தான் வந்து களிமண் வைத்தார். போட்டுப் பார்த்தால் முன்னைக்கு இப்போது இன்னும் மோசம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பூன் காம்பால் களிமண்ணைத் தோண்டினேன். காகிதச் சுருள் உள்ளே விழுந்துவிட்டதால் முன்பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றி எடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஓட்டை சத்தம் ஒழுகுவதற்கு இல்லை, அடிச்சத்தம் வெளியே வருவதற்கே அதை வைத்திருக்கிறார்கள் என்று, அன்றைக்கும் வந்திருந்த அத்தானிடம் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார், நம்பவில்லை. திரும்ப மாட்டும்போதுதான் பார்த்தேன், ஒரு பெட்டியில் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருந்தன. ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும், அடிச்சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். அதுவும் அத்தான் வேலை என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் ஒயரை மாட்டியது நான்.

மாற்றி மாட்டினேன். ஸ்டூல்களை நடுவிலிருந்து நகர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் விட்டு, மூலைக்கு ஒன்றாக வைத்தேன். அப்பாவின் நாற்காலியை எதிர்ச்சுவரோடு ஒட்டிப் போட்டேன். சுவரோரத்தில் பேஸ் திரளும் என்று படித்திருந்தேன். பாட்டைப் போட்டதும் என் அடிவயிற்றிலேயே அது தெரிந்தது.

அப்பா அசையவில்லை. கண்ணை மூடியிருந்தார். அத்தானுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து அவர் காதுக்குள், "மாமா! கேக்குதா?" என்று கத்தினார். அப்பா முகம் சுளித்தார். கேட்கவில்லை போல என்று நினைத்து, அத்தான் சத்தத்தைக் கூட்டுகிற குமிழைப் பிடித்து ஒரே திருகாகத் திருகினார்.

"கைய எடுங்க அத்தான்!" நானும்தான் கத்தினேன்.

"கொறைச்சு வைங்க மாப்பிள்ளை" என்றார் அப்பா.

இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவர் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. அத்தான் திகைத்துப்போய்க் கொஞ்சம் குறைத்தார்.

"இன்னும்."

இன்னும் குறைத்தார். அப்பா கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் எனக்குக் கேட்கிற அளவுக்குக் குறைந்த பிறகுதான் அவர் சாய்ந்து உட்கார்ந்தார், விரல் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. அவருக்கு அவ்வளவு போதுமாக இருந்தது. அவர் சொல்லியும் அது புரியாமல் நாங்கள் எல்லோரும் வருடக்கணக்காக அவர் காதில் கத்திக்கொண்டிருந்தோம், நானும் சேர்த்துத்தான்.