கை காட்டிக் கூப்பிட்டாய் என்றேன்

நைனா அந்த அருங்காட்சியகத்தின் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்குவதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிடவில்லை.

பிறகு என் தம்பி சேகர் பதறிக் கேட்டபோது பழியை அவன்மேல் போட்டேன். அவன் நம்பிவிட்டான். இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறான்.

எங்களுக்கு ஊர் பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பம். நைனா, எங்கள் அப்பா, ஏரியிலும் கடலிலும் மீன்பிடித் தொழில் செய்தவர். நான் பொன்னேரியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. கணவர் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர். போனால் நாள் கணக்கில் கடல்தான். வீட்டில் நானும் என் மகளும் நைனாவும் மட்டும்.

அம்மா போனபின் நைனாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியது. முதலில் பெயர்கள் மறந்தன. அப்புறம் பொழுது மறந்தது. கடைசியில் நான் யார் என்பதே மறந்துபோயிற்று. தண்ணீரை மட்டும் அவர் மறக்கவில்லை! கதவு திறந்திருந்தால் நேராக ஏரிக்கு நடப்பார். யாருடைய படகையாவது அவிழ்த்துவிடுவார். மார்பளவு தண்ணீரில் நின்றவரை அக்கம்பக்கத்தார் இழுத்துவந்து விட்டுப்போன நாட்கள் உண்டு.

அதனால் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் காலைப் பழைய புடவைக் கிழிசலால் கட்டிலோடு கட்டிவிட்டுப் போனேன். ஆம், கட்டினேன். பெற்ற தகப்பனை. வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருப்பேன்... முடிச்சு இறுகியிருக்குமோ, அவிழ்ந்திருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டில் எதற்கு அதிகம் அஞ்சினேன் என்று கேட்காதீர்கள்.

சேகர் புதுச்சேரியில் ஒரு தங்கும் விடுதியில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். மனைவி, குழந்தையோடு இரண்டே அறை வீடு. "நைனாவ இட்டுனு வாக்கா, ஊரு சுத்திக் காட்றேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கோடை விடுமுறையில் மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு நைனாவோடு போனேன். ஊர் பார்க்கும் ஆசை எனக்கு ஏது? சில மாதங்களாவது அவரை அங்கே விட்டுவர வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

மறுநாள் காலை, தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே கேட்டேன். "கொஞ்ச நாளு நைனா இங்க இருக்கட்டுமா சேகரு?"

அவன் தலை நிமிரவில்லை. அவன் மனைவி கௌரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வூடு சின்னதுக்கா. இவளும் வேலைக்குப் போறா. அடுத்த வருசம் பாக்கலாம்" என்றான். பிறகு மனமாரச் சொன்னான்: "நீ கூட இருக்கங்காட்டிதான் நான் நிம்மதியா தூங்குறேன்."

நான் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது.

சாப்பிட்டதும் ஊர் பார்க்கக் கிளம்பினோம். சின்னத் தலைநகரம் அது. ஒரு காலைப் பொழுதில் பாதியை நடந்தே பார்த்துவிடலாம். மஞ்சள் சுவர் வீடுகள், பழைய கலங்கரை விளக்கம், பூங்காவின் நடுவே வெள்ளை மண்டபம்... சேகர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தான். நான் எதையும் பார்க்கவில்லை. என் கை நைனாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. கடல் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் அவர் இழுத்தார். உடம்பு வற்றியிருந்தாலும் வலை இழுத்த கை அல்லவா. என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

வெயில் ஏறியதும் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். பழங்காலத்து மாளிகை, உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. முதல் அறை முழுதும் வெண்கலச் சாமிகள். நைனா கோயில் என்று நினைத்துவிட்டார். செருப்பை வாசலில் கழற்றினார். "போட்டுக்குங்க பெரியவரே, பரவால்ல" என்றார் காவலர். நைனா காதில் வாங்கவில்லை. கும்பிட்டபடி வெறுங்காலோடு நடந்தார்.

அடுத்த அறையில், மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த பானை ஓடுகளையும் பாசிமணிகளையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நைனா குனிந்து நெடுநேரம் பார்த்தார். "இது யாரு வலையில மாட்டுச்சு?" என்றார். சேகர் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நான் நிஜமாகச் சிரித்தது அப்போதுதான்.

சேகருக்கு விடுதியிலிருந்து போன் வந்தது. "பாத்துக்கோக்கா" என்று சொல்லிவிட்டு முன் வராந்தாவுக்குப் போனான். சன்னல் வழியே தெரிந்தான். போனில் பேசினால் அவனுக்கு ஒரு கை சும்மா இருக்காது. எதிரில் ஆள் நிற்பதுபோல் வீசி வீசிப் பேசுவான்.

நானும் நைனாவும் ஒரு பெரிய கட்டிலின் முன் நின்றோம். யாரோ பிரபு படுத்திருந்த கட்டில். கால் நான்கிலும் நுணுக்கமான செதுக்கு வேலை. எனக்கு எங்கள் வீட்டுக் கட்டில் நினைவுக்கு வந்தது. அதன் காலில் தொங்கும் கிழிசல்... விடுமுறை முடிந்ததும் மறுபடி அந்த முடிச்சு.

என் கை நைனாவின் மணிக்கட்டை விட்டது. வேண்டுமென்றே விட்டேனா? விரல் மரத்துப்போய் விட்டேனா? சத்தியமாகத் தெரியவில்லை. அதற்கடுத்து நடந்தது தெரியும்.

நைனா திரும்பினார். வந்த வழியே நடந்தார். வராந்தாவில் சேகர் சுவரைப் பார்த்து நின்று கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். அவன் முதுகை உரசினாற்போலக் கடந்து படியிறங்கினார். வாசலில் ஒரு கணம் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். நான் சன்னலருகே நின்றிருந்தேன். "நைனா" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அவர் திரும்பாவிட்டாலும் சேகர் திரும்பியிருப்பான்.

ஏன் கொடுக்கவில்லை? போகட்டும் என்று நினைத்தேனா? இல்லை என்று எழுத ஆசைதான். எழுத வரவில்லை.

அவர் கடல் இருக்கும் பக்கம் திரும்பி மறைந்தார். என் கை வெறுமையாக இருந்தது. காலையிலிருந்து வலித்த கை. அதன் சுமை இறங்கியது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! அடுத்த அறைக்குப் போனேன். பழைய நாணயங்களைப் பார்த்தேன். அவற்றின் கீழிருந்த குறிப்புகளை ஒரு மாணவியைப் போலப் படித்தேன்.

சேகர் வந்தான். "நைனா எங்கக்கா?"

"உன்கிட்டதானேடா வந்தாரு."

"என்கிட்டயா?"

"நீதான கைய காட்டிக் கூப்ட்ட. அதான் அனுப்சேன்."

அவன் தன் கையைப் பார்த்தான். "போன்ல பேசுறப்ப ஆட்டினேன்க்கா... கூப்டலியே" என்றான். "கூப்ட்டனா?"

"கூப்ட்ட" என்றேன்.

முதல் பொய் பயத்தில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது? அவன் முகத்தைப் பார்த்து, யோசித்து, தெரிந்தே சொன்னது அது.

தெருத்தெருவாக ஓடினோம். சேகர் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் போனிலிருந்த நைனாவின் படத்தைக் காட்டினான். கடற்கரைப் பாறைகளின்மேல் ஏறி ஏறிப் பார்த்தான். ஒவ்வொரு முறை அவன் அலையை எட்டிப் பார்த்தபோதும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எந்தப் பக்கம் போனார் என்று எனக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வேன்? தெரியும் என்றால் பார்த்தேன் என்றாகிவிடுமே... "அந்தாண்ட போயிப் பாக்கலாமா" என்று ஊகம் போலத்தான் சொன்னேன். அதைக்கூட வெகுநேரம் கழித்துத்தான் சொன்னேன். காவல் நிலையத்தில் விவரம் கொடுத்துவிட்டு மறுபடி அலைந்தோம்.

பொழுது சாய்கையில் தகவல் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு மீனவக் குப்பத்தில், படகு நிழலில், யாருடைய வலையையோ மடியில் போட்டுக்கொண்டு நைனா உட்கார்ந்திருந்தார். ஒரு பெண்மணி அவர் பாதத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கோடை வெயிலில் தார்ச்சாலையில் நடந்த வெறுங்கால். உள்ளங்காலில் தோல் உரிந்து தொங்கியது.

"இப்டியாம்மா வுடுவீங்க பெத்தவர?" என்று அவள் என்னைத்தான் கேட்டாள்.

சேகர் மண்ணில் விழுந்து நைனாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டான். "நான்தான் வுட்டுட்டேன். எங்கக்கா மேல தப்பில்ல" என்று அழுதான்.

நான் அவன் பின்னால் நின்றிருந்தேன்.

நைனாவுக்குச் சர்க்கரை நோய். புண் ஆறவில்லை. "இந்தக் காலோட அவர பஸ்ல இட்டுனு போவாத. என்னாலதான ஆச்சு, நான் பாத்துக்கறேன்" என்றான் சேகர். கௌரியைக் கேட்காமலே சொன்னான். ஊருக்குத் தனியாகத் திரும்பினேன்.

இங்கேதான் நீங்கள் என்னை முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து கட்டில் காலிலிருந்த கிழிசலை அவிழ்த்து எறிந்தேன். படுத்துத் தூங்கினேன். அந்த மாதங்களில் நான் நன்றாக இருந்தேன். மகளோடு உட்கார்ந்து பேசினேன். பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்தால் மகிழ்ந்தேன். குற்றவுணர்வு தின்றது என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும்... அது பின்னால் வந்தது. முதலில் வந்தது நிம்மதி.

அங்கே நைனாவின் கால்விரல்களை எடுத்தார்கள். சேகர் அவரைப் பார்த்துக்கொள்வதற்காக விடுதி வேலையை விட்டுவிட்டுக் கிடைத்த வேலைக்கெல்லாம் போனான். கௌரி குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போய்ச் சில வாரம் கழித்து வந்தாள். மழைக்காலத்தில் நைனா அவன் வீட்டிலேயே இறந்துபோனார். வேனில் கோட்டைக்குப்பத்துக்குக் கொண்டுவந்தான். "நல்லா நடந்துனு இருந்த மனுசனுக்கு எப்டிப்பா கால் போச்சு?" என்று சாவுக்கு வந்தவர்கள் கேட்டார்கள். கேட்டவர்களிடமெல்லாம் அவனே சொன்னான்: "நான் கூப்ட்டுட்டு கவனிக்காம வுட்டுட்டேன்."

எங்கள் சித்தப்பா எல்லோர் முன்னிலையிலும் அவனைக் காறித் துப்பினார். நான் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எழுந்திருக்கவில்லை.

இப்போதெல்லாம் சேகர் போனில் பேசும்போது ஒரு கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொள்கிறான். கௌரி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

வருடத் திதிக்கு வந்திருந்தான். முகத்துவாரத்தில் எல்லாம் முடித்து, மற்றவர்கள் போனபின் மணலில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"ஏன்டா அவர வுட்டன்னு எல்லாரும் கேட்டுட்டாங்கக்கா" என்றான். "கௌரி இன்னிக்கும் சண்டைன்னா அதத்தான் இழுக்குறா. நீ மட்டுந்தான் ஒரு வார்த்தை கேக்கல. நீயும் கேட்டிருந்தா நான் எதனா பண்ணிக்கினு போயிருப்பேன்."

"சேகரு..." என்றேன்.

"இன்னாக்கா?"

அவன் என்னைப் பார்த்தான். அவ்வளவு நன்றியோடு யாரும் என்னைப் பார்த்ததில்லை. இத்தனை நாள் அவனைத் தாங்கிப் பிடித்தது என் மௌனம் என்று நினைத்திருக்கிறானே... அதையும் பிடுங்கிவிட்டால்? இது அவன்மேல் உள்ள இரக்கமா, என்மேல் உள்ள பயமா?

"வெயிலா இருக்குது. எழுந்திரு, சாப்புடலாம்" என்றேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் என்னை வெறுக்கலாம், மன்னிக்கலாம். ஆனால் அதற்கெல்லாம் உரிமை உள்ளவன் ஒருவன்தான். அவன் ஞாயிறுதோறும் எனக்குப் போன் செய்து, சாப்பிட்டாயா அக்கா என்று கேட்கிறான்.

சாப்பிட்டேன் என்கிறேன்.