கெல்சென்கிர்ச்சனில் கடிதம் வாசிக்கும் கூடம்

சனிக்கிழமை காலை 9.10க்கு ஜெர்மனியின் கொலோனில் ரயில் ஏறினேன். கெல்சென்கிர்ச்சன் அங்கிருந்து ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். வண்டி நின்று நின்று போனதில் 10.40க்குத்தான் இறங்க முடிந்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். மகளைப் பார்க்கக் கொலோன் வந்த இடத்தில், வதனியைப் பற்றிக் கேள்விப்பட்டேன்.

வதனி யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். ஐம்பத்தாறு வயது, மருத்துவமனையில் துப்புரவு வேலை. சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் பின்கூடத்தில், பள்ளிக்கூடங்கள் அனுப்பும் கடிதங்களை வெளிநாட்டுப் பெற்றோருக்கு வாசிக்கக் கற்றுத்தருகிறார்.

நான் போனபோது வதனிக்கு எதிரே சுகன்யா என்ற இளம் தாய் இருந்தாள். அவளுடைய ஏழு வயது மகளை, படிப்பு வராத பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிக்கு மாற்றலாம் என்று கடிதம் வந்திருந்தது.

"அக்கா, கையெழுத்து வைக்கட்டோ? பள்ளிக்கூடத்து ஆக்களுக்குத் தெரியும்தானே."

"வைக்காதேங்கோ. முதல்ல நீங்களே வாசியுங்கோ."

ஒன்றரைப் பக்கக் கடிதம். அகராதியோடு சொல் சொல்லாக வாசித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. வதனி ஒரு வரியைக்கூட அவளுக்காக வாசிக்கவில்லை. முடிவில் சுகன்யா, தனக்குச் சம்மதமில்லை என்று ஜெர்மனில் தன் கையாலேயே எழுதினாள். ஒரு எழுத்தை மட்டும் வதனி திருத்தினார்.

ஒரு மணிக்குத் தேநீர். அப்போதுதான் வதனி தன் மகன் தினேஷைப் பற்றிச் சொன்னார். அவனுக்கும் ஏழு வயதில் இதே கடிதம்தான் வந்ததாம்.

"எனக்கு அப்ப டொச், இந்த ஜெர்மன் பாஷை, ஒரு சொல்லும் விளங்காது, ரீச்சர். வீட்டு வாசலுக்கு பஸ் வரும் எண்டினம். நல்ல பள்ளிக்கூடமாக்கும் எண்டு சந்தோஷமாக் கையெழுத்து வைச்சன். சொந்தக்காரருக்கெல்லாம் ரெலிபோன் எடுத்துச் சொன்னனான்." கோப்பையைக் கீழே வைத்தார். "பிள்ளையளை அப்பிடி மாத்திற சட்டத்தில நிறம் எண்டு ஒரு சொல்லும் இல்லை. ஆனா அந்த பஸ்ஸுக்குள்ள எட்டிப் பாத்தா, வெள்ளைப் பிள்ளையள் ரெண்டே பேர். அதுக்குப் பிறகுதான், அந்தச் சட்டத்தை வாசிக்கவெண்டே டொச் படிச்சனான். படிச்சு முடிக்கேக்க அவனுக்குப் பதினாறு வயசு."

தினேஷ் அந்தத் தனிப் பள்ளியிலிருந்து சான்றிதழ் எதுவும் இல்லாமல் வெளியே வந்தான். இப்போது முப்பத்துமூன்று வயது. ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறான். என்னை ரயில் நிலையத்தில் கொண்டுவிட்டவனும் அவன்தான்.

"என்னைச் சோதிச்ச நேரம் ஒரு படம் காட்டினவை," என்றான். "நான் தமிழில அணில் எண்டன். பதில் இல்லை எண்டு எழுதிப்போட்டினம்."

"அம்மா மேல் கோபமா?"

"எனக்கில்லை. அம்மாவுக்குத்தான் அம்மாவில கோபம்."

2.50 ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆனால் வெளியே பார்க்கத் தோன்றவில்லை. எங்கள் ஊர்ச் செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துச் சிறுமி என் வகுப்பில் இருந்தாள். கடைசி பெஞ்ச். எதைக் கேட்டாலும் மெல்லிய குரலில் ஏதோ சொல்வாள்; எனக்குப் புரியாது. பதிவேட்டில் அவளுக்கு நேரே 'மந்தம்' என்று எழுதினேன். அவள் என்ன சொல்கிறாள் என்று விசாரிக்க, சூளையில் அவள் மொழி தெரிந்தவர்கள் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். பள்ளியிலிருந்து கால் மணி நடை. நான் போகவில்லை.

கொலோன் வந்து சேர்வதற்குள் அவள் பெயரையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை.