கேட்டில் திறக்காத வாய்

“பல்லைப் பிடுங்குறது கடைசி வேலை, கழுவுறதுதான் மொத வேலை. எங்க வூட்டுக்காரர் காதுல விழாம சொல்றேன்” என்று எனக்கு முதன்முதலில் சொன்னவள் நாவிதர் பெண்சாதி கன்னியம்மா. குடியாத்தத்திலிருந்து நாங்கள் இந்தத் தங்கச் சுரங்கத்துக் கூலி லைனுக்கு வந்து, தட்டி வீட்டுக்குக் கூரை போட்ட வாரம் அது. இங்கே பல் பிடுங்குகிறவர் அவள் புருஷன்தான்.

அந்தப் பேச்சில் பிடித்துக்கொண்டதுதான் என் பல்பொடித் தொழில். உமிக்கரி, உப்பு, லவங்கம் சேர்த்து இடித்து, ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் சுரங்கத்து கேட்டுக்கு வெளியே உட்காருவேன். பக்கத்தில் கும்முட்டி அடுப்பின் மேல் உப்புத் தண்ணீர்ச் சட்டி. பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், வீட்டில் இரு என்கிறார்கள். எனக்கு இதுவும் ஒரு ஊழியம்.

கை ஒடிந்தால் கம்பெனி டாக்டர் கட்டுப்போடுவார். கடைவாய்ப்பல் குடைந்தால் அவரவர் பாடு. கோலார் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய வேலை போச்சு. கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு இதைப் படிக்கிறவர்களே, நம்ம கூட்டம் பெரிசு.

பாத்திரம் தேய்த்த கை

ராஜம்மா அடுத்த லைன்காரி. பொடி வாங்கிப்போன மறுநாளே வந்து, ஈறெல்லாம் ரத்தம் என்றாள். தேய்த்துக் காட்டு என்றேன். அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். “விரல் நுனியால மெதுவா தடவும்மா, ஈறும் சதைதானே” என்றேன். அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “அப்ப தேய்ச்ச நான் தப்பு, தேய்க்கவே தேய்க்காத எங்க வூட்டுக்காரரு சரியா யக்கா?”

கிடுக்கியைக் கண்ட வலி

அந்த வீட்டுக்காரர்தான் முனுசாமி. சுரங்கத்துக்கு அடியில், லெவலில், கல் ஏற்றிய ட்ராம் வண்டி தள்ளுகிறவர். மலையையே தள்ளுவார் போல இருப்பார். அவருக்குக் கடைவாய்ப்பல் சொத்தையாகி, ராஜம்மா நாவிதரிடம் இழுத்துக்கொண்டு வந்தாள். நாவிதர் பையை அவிழ்த்துக் கிடுக்கியை வெளியே எடுத்தார். முனுசாமி எழுந்து நின்று, “போச்சுங்க, வலி சுத்தமா போச்சு” என்று வேட்டியை உதறிக் கட்டினார். தெருமுனை திரும்புகிறவரை அவரையே பார்த்துவிட்டு நாவிதர் சொன்னார்: “இனிமே நான் பிடுங்கவே வேணாம் போல, காட்டினா போதும்.”

வாயைத் திற

போன வலி திரும்பாமல் இருக்குமா? முனுசாமி என்னிடம் வந்தார். லவங்கத்தை நசுக்கிப் பஞ்சில் சுற்றிப் பல்லில் வைத்து வேலைக்கு அனுப்பினேன். “மேல வந்ததும் துப்பிடுங்க” என்றும் சொன்னேன். வேலை முடிந்து வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவரும் கேட்டில் வாயைத் திறந்து காட்ட வேண்டும். தங்கத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போகிறார்கள் என்று கம்பெனிக்குச் சந்தேகம்.

அன்றைக்கு ஷிஃப்ட் விட்டதும் பார்க்கிறேன், முனுசாமியின் ஒரு கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கிறது. வாட்ச்மேன், “தெற வாய” என்றார். விரல் நுழைகிற அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. தாடை பூட்டிக்கொண்டது, பஞ்சும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் மெல்ல விலகினார்கள். திருட்டுப் பட்டம் விழுந்தால் வேலை போகும், லைன் வீடு போகும், ஜெயிலும் உண்டு. ஆண்டவரே என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

“ஐயா, அது ஈறு வீக்கம். இதக் கொப்பளிக்க வுடுங்க.”

“கொப்பளிக்கிற சாக்குல முழுங்கிட்டான்னா?”

“இந்தாங்க தட்டு, நீங்களே பிடிங்க. துப்புறது அதுலயே வுழட்டும்.”

பிடித்தார். வெதுவெதுப்பான தண்ணீரை முனுசாமி வாயில் வைத்து வைத்துத் துப்பினார். சட்டி பாதியானபோது வீக்கம் உடைந்து, சீழும் ரத்தமும் வந்தது. தாடை இளகியது. பஞ்சு தட்டில் விழுந்தது. வாட்ச்மேன் விடவில்லை. தங்க மண்ணை அரிக்கிற மாதிரி தட்டைச் சாய்த்துச் சாய்த்துக் கழுவி, பஞ்சைப் பிரித்து, லவங்கத்தை நகத்தால் பிளந்து பார்த்தார். பிறகு முனுசாமியின் வாய்க்குள் எட்டிப்பார்த்து, போ என்று கையைக் காட்டினார். முனுசாமிக்கு அழுகையே வந்துவிட்டது. நான் சட்டியோடு திரும்பும்போது வாட்ச்மேன் தாழ்ந்த குரலில் கூப்பிட்டார்: “ம்மா, அந்த லவங்கம் இன்னும் இருக்குதா? எனக்கும் இந்தப் பக்கம் குடையுது.”

காவல் முடிந்தது

வீக்கம் வடிந்ததும் முனுசாமி தானாகவே நாவிதர் முன்னால் போய் உட்கார்ந்தார். ராஜம்மா தலையைப் பிடித்துக்கொண்டாள், கன்னியம்மா காலைப் பிடித்துக்கொண்டாள், நான் கண்ணை மூடி ஜெபித்தேன். திறந்தபோது பல் கிடுக்கியில் இருந்தது. ராஜம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்: “இதுல ஒரு பொட்டு தங்கம்கூட இல்லியே யக்கா, இன்னாத்துக்கு இவரு இத்தன நாளா காவல் காத்தாரு?”

பூமிக்கு அடியில் அத்தனை ஆழத்திலிருந்து தங்கத்தை எடுத்துவிடுகிற ஊரில், ஒரு சொத்தைப் பல்லை எடுக்கத்தான் இத்தனை பேரும் இவ்வளவு ஜெபமும் வேண்டியிருக்கிறது. நீங்கள் இன்றைக்குப் படுக்கப் போகும் முன், உப்புத் தண்ணீரில் ஒரு தரம் வாய் கொப்பளித்துவிடுங்கள்.