ஹெட்மாஸ்டரின் இடது விலா

குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. படுத்திருக்கிறவர் பேசினால் கேட்டுக்கொள்ளலாம். கேட்டதை அங்கேயே மறந்துவிட வேண்டும். சட்டையைக் கழற்றி, துண்டைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டால் போதும், எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மாமியார் சண்டை, ஆபீஸ் சண்டை, சொந்த அண்ணன் மேல் இருக்கிற பொறாமை, எல்லாம் கொட்டும். முதுகும் தன் பங்குக்குச் சொல்லும். எந்த இடம் வலிக்கிறது, எந்த இடம் நடிக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். தளவாய் இருபத்திரண்டு வருஷமாகத் தேய்க்கிறார். இந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை.

அந்தத் தளவாய் பிள்ளைகளுக்குச் சிரிப்புப் புத்தகம் எழுத ஆரம்பித்தது கோபத்தில்தான். மகள் அபர்ணா நாலாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். அட்டையில் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் ஒரு யானை. ‘விலா நோகச் சிரிக்கலாம் வாங்க’ என்று அதன் தலைக்கு மேல் எழுதியிருந்தது. உள்ளே யானை பல் தேய்க்கவில்லை, ஆகவே பல் தேயுங்கள். யானை நேரம் கழித்து எழுந்தது, ஆகவே சீக்கிரம் எழுந்திருங்கள். அபர்ணா கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் படித்துவிட்டு, “யப்பா, இதுல எந்த எடத்துல சிரிக்கணும்?” என்று கேட்டாள். தளவாயும் வாங்கித் தேடிப் பார்த்தார். அப்படி ஒரு இடம் அகப்படவில்லை.

சிரிக்கலாம் வா என்று கூப்பிட்டு உட்கார வைத்து உபதேசம் செய்வது என்ன நியாயம்? அல்வா என்று எழுதிவைத்து விளக்கெண்ணெய் ஊற்றுகிற வேலை அது. தளவாய்க்கு மண்டை காய்ந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அன்று காலையில் நடந்ததை மகளுக்குச் சொன்னார். ஒரு குரங்கு எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓட, பாதி தேய்த்த நிலையில் இருந்த மதுரைக்காரர் ஒருவர் துண்டோடு அதை விரட்ட, அவர் வழுக்கிக்கொண்டே போய் நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்குள் நுழைந்து நின்ற கதை. அபர்ணாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. அப்போதே அவளுடைய பழைய கணக்கு நோட்டைத் திருப்பிப் போட்டு எழுத உட்கார்ந்தார்.

தென்காசியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரின்ஸ்தான் அதை அச்சடித்துக் கொடுத்தார். படமும் அவரே போட்டார். சாரலில் நனைந்துவிடக் கூடாது என்று அட்டைக்கு லேமினேஷன். பேரருவிக்குப் போகும் வழியில், கடைகளுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் தளவாய் தேய்ப்பார். எண்ணெய்ப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் புத்தகங்கள் அடுக்கியிருக்கும். அப்பாவுக்குத் தேய்த்து முடிய முக்கால் மணி நேரம் ஆகும், புத்தகம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிள்ளைகள் இரண்டாவது தடவையும் படித்தார்கள். படுத்திருக்கிற அப்பாக்கள், “அங்கன என்ன சிரிப்பு?” என்று தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

எண்ணெய்க்காரனுக்கு எதுக்கு எழுத்து என்று கேட்டவர்களும் இருந்தார்கள். “கையில எண்ணெ இருந்தா பேனா வழுக்கும், அம்புட்டுதான்” என்பார் தளவாய். அதற்கு மேல் அவர்களுக்குப் பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை.

மூன்று வருஷம் கழித்து அடுத்த புத்தகத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது கூச்சம். கிச்சுகிச்சு மூட்டினால் வருகிற கூச்சம். ஊர் முதுகையெல்லாம் தேய்க்கிற தளவாயின் இடது விலாவில் யாராவது விரல் வைத்தால் அவர் சேவல் மாதிரிக் கூவி எழுந்துவிடுவார். மனைவி மாரிச்செல்விக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது. யாருக்கு இந்தக் கூச்சத்தைக் கொடுத்தால் நல்ல சிரிப்பாக இருக்கும் என்று மகளிடம் கேட்டார். அபர்ணா யோசிக்கவே இல்லை. “ஹெட்மாஸ்டருக்கு” என்றாள்.

‘எங்கள் ஹெட்மாஸ்டர் சிரிக்கவே மாட்டார். ஏனென்றால் அவருடைய சிரிப்பின் சுவிட்ச் முகத்தில் இல்லை, இடது விலாவில் இருந்தது.’ இப்படித்தான் அந்தப் புத்தகம் தொடங்கும். கல்வி அதிகாரி பார்வையிட வருகிற அன்று ஒரு கட்டெறும்பு ஹெட்மாஸ்டரின் சட்டைக்குள் போய்விடுகிறது. பிறகு நடப்பதெல்லாம் ஒரே கூவல்.

தென்காசியில் அபர்ணா படிக்கும் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை அதைப் படித்துவிட்டு, இலக்கிய மன்றத் தொடக்க விழாவில் அபர்ணாவே மேடையேறி வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு மேடை. அவள் இரண்டு வாரம் வீட்டில் கூவிப் பழகினாள். பக்கத்து வீட்டுச் சேவல் குழம்பிப்போய் மத்தியானமெல்லாம் பதில் கூவியது. தளவாயும் அன்றைக்குக் கொட்டகையைப் பூட்டிவிட்டு முன்வரிசையில் உட்காருவது என்று சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் சீசன் நாளில் அவர் வேலைக்குப் போகாமல் இருக்க நினைத்தது அதுதான் முதல் தடவை.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஹெட்மாஸ்டர் நெல்லையப்பன் கூப்பிட்டு அனுப்பினார். தளவாய் போனார். உட்காரச் சொல்ல நெல்லையப்பனுக்குத் தோன்றவில்லை. மேஜை மேல் புத்தகம் கிடந்தது.

“ஒரு தலைமையாசிரியரப் பத்தி இப்படி எழுத உமக்குக் கூச்சமா இல்லயா?”

“கூச்சம் நெறைய உண்டு சார். அதனாலதான் எழுதுனேன்.”

தளவாய் உண்மையைத்தான் சொன்னார். நெல்லையப்பனுக்கு அது திமிராகப் பட்டது.

“யாருவே உம்மகிட்டச் சொன்னது?”

“எதச் சொல்லுதீய சார்?”

“அந்த எடது விலா சமாச்சாரத்ததான். போன சீசன்ல பழைய குற்றாலத்துல நான் தேய்க்கப் போனேனே, அந்த ஆளுதான சொன்னான்?”

தளவாயிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இப்போதுதான், சம்பந்தப்பட்டவரே சொல்கிறார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நெல்லையப்பனுக்கும் புரிந்துவிட்டது. காது இரண்டும் சிவந்தன. பேச்சை மாற்றினார்.

“சரி, அத விடும். ஹெட்மாஸ்டர்ங்கிற வார்த்தைய மட்டும் எடுத்திரும். எண்ணெ தேய்க்கிறவன்னு போடும். பிள்ளையளுக்கு அதுவும் சிரிப்பாத்தான் இருக்கும். ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டாந்தா உம்ம மவ மேடையில வாசிப்பா. இல்லன்னா கிடையாது.”

பார்க்கப்போனால் அதுதான் நிஜம். கூச்சக்காரன் எண்ணெய் தேய்க்கிறவன்தான். தளவாய் தலையாட்டியிருந்தால் பொய்கூட ஆகியிருக்காது. ஆனால் அந்த ‘அதுவும் சிரிப்பாத்தான் இருக்கும்’ நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. எத்தனையோ பேர் காசைக் கொடுத்துவிட்டு அவர் கையைத் தொடாமல் சில்லறை வாங்கியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் வராத கோபம் இப்போது வந்தது.

“ஹெட்மாஸ்டர் கூவுனா பிள்ளைய சிரிக்கும் சார். எண்ணெக்காரன் கூவுனா பெரியாளுவதான் சிரிப்பாவ. நான் பிள்ளையளுக்கு எழுதுதேன். மாத்த மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வெளியே வந்தபிறகுதான் மகளின் மேடை ஞாபகம் வந்தது.

“ஒத்த வார்த்த. அதுக்காவ பிள்ளை ஆசைல மண்ணள்ளிப் போடுதீயளே” என்று மாரிச்செல்வி சண்டைக்கு வந்தாள். அபர்ணா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்ன வார்த்தை போடச் சொன்னார்கள் என்று விசாரித்தாள். தளவாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“எண்ணெ தேய்க்கிறவன்னு போட்டு, அத நானே மேடையில நின்னு வாசிக்கணுமாக்கும்? மாத்துனீயன்னா நான் வாசிக்க மாட்டேன்” என்றாள் அபர்ணா. மாரிச்செல்வி அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விழாவில் அபர்ணாவுக்குப் பதில் வேறு ஒரு பிள்ளை பல் சுகாதாரம் பற்றிப் பேசியது. அத்தோடு விட்டிருந்தால் விஷயம் அமுங்கியிருக்கும். அந்தப் புத்தகத்தை நெல்லையப்பனோடு சேர்த்து நினைத்தவர் அதுவரை ஊரில் ஒருவரும் இல்லை. ஆனால் அவருக்குப் பொறுக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளின் டைரியிலும் ஒரு சுற்றறிக்கை ஒட்டி அனுப்பினார். ‘ஹெட்மாஸ்டரின் இடது விலா என்ற நூலில் வருபவர் நம் தலைமையாசிரியர் அல்லர். நம் தலைமையாசிரியருக்குக் கூச்சம் அறவே கிடையாது என்பதைப் பெற்றோருக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.’

கையெழுத்துப் போட வேண்டிய பெற்றோர் முதலில் ஒரு தடவை படித்தார்கள். பிறகு வீட்டிலிருக்கிற எல்லாரையும் கூப்பிட்டு உரக்கப் படித்தார்கள். கூச்சமில்லாத ஹெட்மாஸ்டர் என்று பள்ளிக்கூடமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? சுற்றறிக்கை போனில் படமாகி அச்சன்புதூர் போய், சுரண்டைச் சந்தையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அது என்ன புத்தகம் என்று தேடிக்கொண்டு ஆட்கள் கொட்டகைக்கே வந்தார்கள். “அண்ணாச்சி, நாம நோட்டீஸ் அடிச்சிருந்தாலும் இப்படி ஓடியிருக்காது” என்று பிரின்ஸ் போனில் சிரித்தார். தளவாய்க்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்குப் போன மேடை போனதுதானே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளம் கூடி அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். குளிக்க வந்த கூட்டம் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கடைப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. அபர்ணாவும் கொட்டகையில் இருந்தாள். பெற்றோர் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு நெல்லையப்பன் வந்தார். வந்தவர் நேராகச் சட்டையைக் கழற்றினார்.

“தேயும்வே. எனக்குக் கூச்சம் கிடையாதுன்னு எல்லாரும் பாக்கட்டும். நான் சிரிக்கலன்னா நீரு அந்த வார்த்தைய மாத்தணும்.”

“மொதல்ல படுங்க சார்” என்றார் தளவாய்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூட்டம் கூடிவிட்டது. கையில் புத்தகத்தோடு பிள்ளைகள் முன்னால் வந்து குந்திக்கொண்டார்கள். தளவாய் தோளில் ஆரம்பித்தார். தண்டுவடத்தின் ஓரமாக இறங்கினார். இடது பக்கம் கை திரும்பியதும் முதுகு பலகையாகிவிட்டது. நெல்லையப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். உள்ளே ஒரு நடுக்கம் ஓடியது. வேறு யார் கண்ணுக்கும் தெரியாத நடுக்கம். தளவாயின் கைக்கு அது நன்றாகத் தெரிந்தது.

ஒரு பெருவிரல் போதும். அரை அங்குலம் தள்ளி லேசாக வைத்தால் இந்த மனுஷன் பேரருவிச் சத்தத்தை மீறிக் கூவுவார். எண்ணெய் தேய்க்கிறவன்னு போடும் என்றாரே, அதே எண்ணெய் தேய்க்கிறவனின் விரலால். தளவாய்க்கு ஆசையாக இருந்தது. மகள் முகத்தைப் பார்த்தார். அவள் வாயில் கூவல் தயாராக நின்றது. ஆனால் கைக்குக் கீழே கிடந்தது நம்பிப் படுத்துவிட்ட ஒரு முதுகு. பயந்துபோய்க் கிடந்தது. இதைக் காட்டிக்கொடுத்துத்தான் ஜெயிக்க வேண்டுமென்றால் அந்தக் கதையை எழுதியிருக்கவே வேண்டாம் என்று நினைத்தார்.

குனிந்து காதோரம் சொன்னார். “மூச்ச விடுங்க சார். வெரல் வைக்க மாட்டேன்.”

கூச்சக்காரர்களுக்குத் தேய்க்க ஒரு வழி இருக்கிறது. விரலை மடக்கிவிட்டு உள்ளங்கையை முழுதாகப் பதித்து, உடம்பின் எடையெல்லாம் கொடுத்து அழுத்த வேண்டும். தளவாய் அப்படியே அழுத்தினார். நெல்லையப்பன் மெதுவாக மூச்சு விட்டார். சிரிக்கவில்லை.

எழுந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தளவாயைத் தவிர மற்ற எல்லாரையும் பார்த்து, “பாத்தியளா? எனக்குக் கூச்சம் இல்ல. இப்ப அந்த வார்த்தைய மாத்தச் சொல்லுங்க” என்றார்.

“சாருக்குக் கூச்சம் இல்லன்னு எல்லாரும் பாத்தாச்சு” என்றார் தளவாய். “அப்பம் கதையில வாரது சார் இல்லன்னு ஆயிட்டுல்லா? பிறகு எதுக்கு மாத்தணும்? மாத்த மாட்டேன்.”

சாட்சிக்கு வந்தவர்களில் ஒருவர், “அது நியாயந்தான சார்” என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். நெல்லையப்பன் எண்ணெய் முதுகின் மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கி நடந்தார்.

“யப்பா, வாசிக்கட்டுமா?” என்றாள் அபர்ணா.

“வாசி. ஹெட்மாஸ்டர்ங்கிற எடத்துல மட்டும் நல்லாச் சத்தமா வாசி.”

அவள் கொட்டகை வாசலில் கிடந்த எண்ணெய் வழுக்கும் கல்மேல் ஏறி நின்றாள். பள்ளிக்கூட மேடைக்கு முன்னால் இருந்திருக்கக்கூடிய கூட்டத்தைவிடப் பெரிய கூட்டம். எங்கள் ஹெட்மாஸ்டர் சிரிக்கவே மாட்டார் என்று தொடங்கி, கட்டெறும்பு சட்டைக்குள் போய், முதல் கூவலைக் கூவினாள். அந்த இடமே சிரித்தது.

நெல்லையப்பன் ஒன்றும் தூரமாகப் போய்விடவில்லை. சிப்ஸ் கடை முன்னால் நின்றுவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணெயில் ஒட்டிய சட்டைக்குள் அவர் முதுகு அப்படியே தெரிந்தது. அபர்ணாவின் அடுத்த கூவலுக்கு அது என்ன செய்தது என்று தளவாய் பார்த்தார். மாரிச்செல்வி எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். சட்டம் சட்டம்தான், இன்றுவரை அவளிடம்கூடச் சொல்லவில்லை.