பெயின்ட் அடித்த தெரு

கதவைத் திறந்ததுமே பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பெங்களூரு நெரிசலில் கம்பெனி வண்டியில் ஊர்ந்து ஊர்ந்து லிங்கராஜபுரம் வந்து சேர்ந்து, வீட்டுக்குள் கால் வைத்தால் கூடத்துச் சுவர்கள் இளமஞ்சளில் பளபளக்கின்றன. அப்பாவின் கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டிருந்தார்கள். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் பாராட்டுக்காகக் காத்திருந்தாள்.

"கோடு எங்கம்மா?" என்றேன்.

"எந்தக் கோடு?"

"மழத்தண்ணி நின்ன கோடு! நாளைக்கு அதப் பாக்கத்தானே அவங்க வர்றாங்க?"

"அசிங்கமா இருந்துச்சுடி. எப்படியும் கிறிஸ்துமஸுக்கு அடிக்கத்தான் போறோம். வீட்டுக்கு நாலு பேர் வர்றாங்க, அதுக்கு முன்னாடியே அடிச்சிட்டா நல்லாருக்குமேன்னு அடிச்சாச்சு."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்தும் கொண்டேன்.

வருவதாக இருந்தவர்கள் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக் குழு. நீரியல் படித்தவர்கள், வரைபடம் போடுகிறவர்கள், வீடு வீடாகக் கேள்வி கேட்கும் சமூகவியல் மாணவிகள் என்று எல்லாத் துறையும் கலந்த கூட்டம். மழையில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது என்று அவர்கள் அளந்து வரைபடம் கொடுப்பார்கள். அதைப் பார்த்து எந்தக் கால்வாயை முதலில் அகலப்படுத்துவது என்று வார்டு அலுவலகம் முடிவு செய்யும். ஆளைப் பார்த்து வேலை கொடுக்காமல் அளவைப் பார்த்துக் கொடுக்கிறார்களே என்று நான் மனசார சந்தோஷப்பட்டேன். மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. அளவு, ஆதாரம் என்றால் எனக்கு ஒரு பக்தி உண்டு. எங்கள் தெருவையும் அந்தக் கணக்கெடுப்பில் சேர்க்கச் சொல்லி எத்தனை பேரிடம் பல்லைக் காட்டியிருக்கிறேன்!

எல்லாம் அப்பாவுக்காகத்தான். பக்கவாதம் வந்து வலது கை, கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சு மெதுவாகத் திரும்பியது, நடை திரும்பவில்லை. நாங்கள் இருப்பது தரைத்தளம். பெருமழை பிடித்தால் சாக்கடையும் மழைநீரும் கலந்து கூடத்துக்குள் வந்துவிடும். அப்பாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி, மாடியில் குடியிருக்கிறவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து மேலே தூக்கிப் போவோம். ஆஸ்டின் டவுன் மைதானத்தில் கால்பந்து ஆடி வளர்ந்த மனிதர். தூக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார், மாடிக்குப் போன பிறகும் வெகுநேரம் திறக்க மாட்டார். அவர் தன் கட்டிலிலேயே படுத்தபடி ஒரு மழைக்காலத்தைக் கடக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மறுநாள் குழு வந்தது. அம்மா மட்டும் என்றால் பரவாயில்லை, தெருவே ஜோடித்துக்கொண்டு நின்றது. ஒருவர் காம்பவுண்டு சுவரைக் கழுவிவிட்டிருந்தார். எதிர்வீட்டு ஆன்ட்டி வாசல் சுவருக்குப் புது டைல்ஸே ஒட்டிவிட்டார். அளவு நாடாவோடு வந்த பையன்கள் சுவர் சுவராகத் தடவிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் மாணவி ஒருத்தி கன்னடத்தில் கேள்வி கேட்க, அம்மா காபியும் ரோஸ் குக்கீயும் வைத்து உபசரித்தபடி, "ஸ்வல்ப நீரு பர்த்தேம்மா, ஹோக்தே" என்றாள். கொஞ்சம் தண்ணீர் வரும், போய்விடும்! கொஞ்சமாம்!

"கட்டில் சட்டம் வரைக்கும் வந்துச்சு" என்று நான் குறுக்கே பாய்ந்தேன்.

"போட்டோ இருக்கா மேடம்?"

தண்ணீர் ஏறும்போது அப்பாவைத் தூக்குவேனா, படம் எடுப்பேனா? அதைச் சொன்னேன். அவள் பாவம்போல் தலையாட்டினாள். சுவரில் தடயம் இருந்தால்தான் உயரம் என்று குறிக்கலாமாம். வாய்ச்சொல்லைத் தனியாக எழுதிக்கொள்வார்களாம். தனியாக எழுதியதை யார் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? போகும்போது, "நிம்ம மனே தும்ப சென்னாகிதே" என்று வீட்டை வேறு புகழ்ந்துவிட்டுப் போனாள். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வார்டு கூட்டத்தில் வரைபடத்தைத் திரையில் போட்டார்கள். மேல் தெரு செக்கச்செவேல் என்று இருந்தது. அங்கே யாரும் சுவரைத் தொட்டிருக்கவில்லை. எங்கள் தெரு பச்சை. புல்வெளி மாதிரிக் குளுகுளு பச்சை. நான் எழுந்து கத்தினேன். பொறியாளர் பொறுமையாகச் சொன்னார்: "மேடம், டேட்டா நோடி, டேட்டாவப் பாருங்க. உங்க ரோடு சேஃப்." அலுவலகத்தில் நானே இதே வாக்கியத்தை எத்தனை பேர் முகத்தில் வீசியிருக்கிறேன். அது இவ்வளவு எரிச்சலான வாக்கியம் என்று அன்றுதான் தெரிந்தது.

மேல் தெருக் கால்வாயை ஜம்மென்று அகலப்படுத்தினார்கள். எங்கள் தெரு முனையோடு வேலை முடிந்தது. அதற்குக் கீழே பழைய குறுகலான சாக்கடைதான். அடுத்த மழையில் மேலே தேங்கி நின்ற தண்ணீரெல்லாம் தடையில்லாமல் இறங்கி வந்து எங்கள் தெருவில் முட்டியது. கட்டில் சட்டத்தைத் தாண்டி மெத்தையை நனைத்தது. நாங்கள் நாற்காலியை எடுத்து வருவதற்குள் அப்பாவின் முதுகு ஈரமாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

வேலையின் பலனைப் பார்க்க டிசம்பரில் அதே குழு மறுபடியும் வருகிறது என்று செய்தி வந்ததும், வீட்டில் சட்டம் போட்டேன். அவர்கள் வந்து போகும்வரை பெயின்ட் டப்பா வாசல்படி ஏறக்கூடாது. எதிர்வீட்டு ஆன்ட்டியிடமும் போய்க் கெஞ்சினேன்.

"எம்பொண்ணப் பாக்க வர்றாங்கம்மா. நம்ம தெருல சாக்கடத் தண்ணி ஏறுதுன்னு நீயே டமாரம் அடிப்பியா?" என்றார். டைல்ஸ் மேல் படிந்த சேற்றை அன்றைக்கே ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டார்.

அம்மா மூக்கைச் சிந்தினாள். "கேரல் பாட வர்றவங்க இந்தச் செவுத்துக்கு முன்னாடியா நிப்பாங்க? ஊர் சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். அப்பா நனைஞ்சப்ப எந்த ஊர் வந்துச்சு?"

அப்பா கட்டிலிலிருந்து கையசைத்துக் கூப்பிட்டார். என் பக்கம் பேசுவார் என்று நினைத்துப் போனேன்.

"அடிச்சிடும்மா" என்றார், ஒவ்வொரு சொல்லாக. "வர்றவங்க… மொதல்ல கோட்டப் பாக்கறாங்க. அப்புறம்… என்னப் பாக்கறாங்க."

யாருக்காக இவ்வளவு சண்டை போடுகிறேனோ அவரே எதிர்க்கட்சியில் உட்கார்ந்திருந்தார். "ஒரு தடவ பொறுத்துக்கங்கப்பா. அளந்துட்டுப் போயிடட்டும்" என்றேன். நான் அடிக்க விடவில்லை.

குழு வந்த அன்று அம்மா அவருக்குச் சவரம் செய்து, மாதா கோவிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டிருந்தாள். கோடு அவர் தலைமாட்டுக்கு நேர் பின்னால், பழுப்பாக, சுவர் நெடுக ஓடியது. போன தடவை வந்த அதே மாணவிதான். நாடாவின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு, அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டி மறுமுனையைக் கோட்டில் வைத்தாள். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். நாற்காலியில் தூக்கும்போது மூடுவாரே, அதே மாதிரி.

அளவு கிடைத்துவிட்டது. படமும் எடுத்துக்கொண்டாள். இந்த முறை எங்கள் தெரு பச்சையாக இருக்காது. எனக்கு மூச்சு வந்தது.

அதன் பிறகு அவள் கேள்வித்தாளைத் திருப்பினாள். வீட்டில் இருப்பவர்களுக்குத் தண்ணீரால் என்ன பாதிப்பு என்று கேட்டாள். வீட்டுக்குப் பெரியவரிடம்தான் கேட்க வேண்டும் என்பது முறையாம். அப்பாவைப் பார்த்தே கேட்டாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். கோணிய வாயைச் சிரமப்பட்டு நேராக்கிக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனூ தொந்தரே இல்லம்மா" என்றார். ஒரு தொந்தரவும் இல்லையாம்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாடாவின் முனை இன்னும் என் கையில்தான் இருந்தது. இந்தத் தடவை நான் குறுக்கே பாயவில்லை. அவள் குனிந்து அதையும் எழுதிக்கொண்டாள்.